நிலத்துக்கு விலை போட்டார்கள்... ஊருக்கு?
நர்மதை அணைக்காக இடம்பெயர்ந்த குடும்பங்களின் அனுபவமும், நம் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவையும்

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பவானிசாகரில் தண்ணீர் வற்றினால் டணாயக்கன் கோட்டையில் இருந்த கோயில் தலைகாட்டும். செய்தித்தாளில் படம் வரும். ஜனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தக் கோயிலில் பொங்கல் வைத்த குடும்பங்கள் எங்கே போயின, எப்படிப் பிழைத்தன என்று கேட்பவர்கள் குறைவு.

இன்றைக்கும் சுரங்கம், சாலை, தொழிற்பேட்டை, விமான நிலையம் என்று ஏதோ ஒன்றுக்காக நில எடுப்பு நோட்டீஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது. நோட்டீஸ் வந்த ஊரில் முதல் பேச்சு, 'ஏக்கருக்கு எவ்வளவு தருவார்கள்?' என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால், அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிட்டால் என்னவெல்லாம் கைவிட்டுப் போகும் என்பதற்கு நர்மதை நதியின் சர்தார் சரோவர் அணை பெரிய பாடம். நம் நாட்டில் நடந்த இடப்பெயர்வுகளிலேயே அதிகமாக ஆராயப்பட்டு, நீதிமன்றம் வரை போய், காகிதத்தில் பதிவானது அதுதான்.

காகிதத்தில் நல்ல தீர்ப்பு

குஜராத்தில் கெவாடியா அருகே இந்த அணைத் திட்டத்துக்கு 1961-ம் ஆண்டு ஏப்ரலில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். தண்ணீரைப் பங்கிடுவதில் மாநிலங்களுக்குள் சண்டை வர, 1969-ல் நடுவர் மன்றம் அமைத்தார்கள். 1979 டிசம்பரில் அதன் இறுதித் தீர்ப்பு வந்தது. அணையின் முழு நீர்மட்டம் 138.68 மீட்டர். நீர்த்தேக்கத்தின் நீளம் மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல். குஜராத், மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து சுமார் 245 கிராமங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ நீரில் மூழ்கும் கணக்கு. அதில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தில் இருந்தது.

அந்தத் தீர்ப்பில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. 'நிலத்துக்கு நிலம்' என்று சொன்னது. தன் நிலத்தில் கால் பங்குக்கு மேல் இழக்கும் குடும்பத்துக்கு, இழந்த அளவுக்குப் பாசன வசதியுள்ள நிலம் தரவேண்டும்; குறைந்தது 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர். வயதுவந்த மகன்கள் ஒவ்வொருவரும் தனிக் குடும்பம். புதுக் குடியிருப்பில் 50 குடும்பங்களுக்கு ஒரு குடிநீர்க் கிணறு, 100 குடும்பங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்றுகூட எழுதியிருந்தார்கள். வெறும் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பிய அந்தக் காலத்தில் இது பெரிய முன்னேற்றம்.

அணையால் பயன் கிடைக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 458 கிலோமீட்டர் நீளப் பிரதானக் கால்வாய் ராஜஸ்தான் எல்லை வரை போகிறது. சௌராஷ்டிரா, கட்ச் போன்ற வறண்ட பகுதிகளுக்கு நர்மதைத் தண்ணீர் குடிநீராகச் சேர்கிறது. மின் நிலையங்களின் திறன் 1,450 மெகாவாட். நன்மை அடைந்தவர்கள் ஒரு பக்கம், விலை கொடுத்தவர்கள் இன்னொரு பக்கம். விலை கொடுத்தவர்களின் கணக்கு எப்படித் தவறியது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

பட்டா இல்லாதவர் கணக்கில் இல்லை

முதல் தவறு, யாரைக் கணக்கில் சேர்ப்பது என்பதில் நடந்தது. மூழ்கப்போன மலைக் கிராமங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் பில், பிலாலா, தாட்வி, வாசவா போன்ற பழங்குடி மக்கள். தலைமுறை தலைமுறையாகக் காட்டு நிலத்தைத் திருத்திச் சோளமும் மக்காச்சோளமும் துவரையும் கலந்து விதைத்தவர்கள். அந்த நிலத்துக்குப் பட்டா கிடையாது. அரசுப் பதிவில் அது வனத்துறை நிலம். அதனால் அவர்கள் 'ஆக்கிரமிப்பாளர்' அல்லது 'நிலமற்றவர்' ஆனார்கள். குஜராத் 1987-க்குப் பிறகு இப்படிப்பட்டவர்களுக்கும் நிலம் தர ஒப்புக்கொண்டது. மற்ற இரண்டு மாநிலங்கள் அதே அளவுக்கு முன்வரவில்லை.

நடுவர் மன்றத் தீர்ப்பு நிலம் வைத்திருந்தவர்களைப் பார்த்தது. ஆற்றை நம்பிப் பிழைத்தவர்களைப் பார்க்கவில்லை. நிமாட் சமவெளியில் கோடையில் ஆற்றுப் படுகையில் தர்பூசணி போட்ட கஹார் சமூகத்தார், படகோட்டிகள், மீனவர்கள், கரை மண்ணில் பானையும் செங்கலும் செய்த குயவர்கள் எல்லோருக்கும் ஆறுதான் நிலம். ஆற்றுக்குப் பத்திரம் ஏது?

அணை ஊழியர் குடியிருப்புக்காக 1961-லேயே கெவாடியாவைச் சுற்றி 6 கிராமங்களின் நிலத்தை எடுத்தார்கள். அந்த நிலம் தண்ணீரில் மூழ்கவில்லை. அதனால், மூழ்கும் கிராமத்தாருக்குக் கிடைத்த சலுகை இவர்களுக்கு இல்லை என்று ஆனது. கால்வாய் வெட்ட நிலம் கொடுத்தவர்கள் நிலையும் இதேதான். மகன்களைத் தனிக் குடும்பமாக எண்ணிய கணக்கில் வயதுவந்த மகள்களுக்கும் இடம் இல்லை.

உலக வங்கி 1985-ல் இந்தத் திட்டத்துக்கு 45 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. மேதா பட்கர் உள்ளிட்டோரின் நர்மதா பச்சாவ் ஆந்தோலன் இயக்கம் வலுத்த பிறகு, வங்கியே பிராட்போர்டு மோர்ஸ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1992-ல் வந்த அந்தக் குழுவின் அறிக்கை, மறுவாழ்வு ஏற்பாடுகளில் பெரிய குறைகள் இருப்பதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு, மீதிக் கடன் வேண்டாம் என்று இந்தியா சொல்லிவிட்டது. அணை வேலை தொடர்ந்தது.

நிலத்துக்குப் பதில் பணம் கொடுத்தபோது

2000-ம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மறுவாழ்வுப் பணிக்கு ஏற்றபடி படிப்படியாக அணையை உயர்த்தலாம் என்று தீர்ப்பளித்தது. மத்தியப் பிரதேசத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கொடுக்க நல்ல நிலம் கிடைக்கவில்லை. இருந்தது பாறையும் தரிசும். 'பணமாக வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களே நிலம் தேடிக்கொள்ளுங்கள்' என்று ஒரு சிறப்புத் திட்டம் வந்தது. 2 ஹெக்டேருக்கு 5.58 லட்சம் ரூபாய். அதையும் இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். நிலம் வாங்கியதற்குப் பத்திரம் காட்டினால் இரண்டாவது தவணை.

அடுத்து நடந்ததை எந்த விவசாயியும் ஊகிக்கலாம். ஒரே பகுதியில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் நிலம் தேடினால் விலை ஏறும். கையில் இருக்கும் முதல் தவணைக்கு ஒரு ஏக்கர்கூடத் தேறாது. வீட்டில் கல்யாணம், கடன், வைத்தியம் என்று செலவு காத்திருக்கும். அந்த நேரத்தில் புரோக்கர்கள் புகுந்தார்கள். இல்லாத நிலத்துக்குப் பத்திரம், ஒரே நிலத்துக்குப் பல பத்திரம் என்று போலிப் பதிவுகள் குவிந்தன. உயர் நீதிமன்றம் நியமித்த நீதிபதி ஜா ஆணையம் இதை விசாரித்து 2016-ல் அறிக்கை கொடுத்தது.

2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. நிலம் கிடைக்காத 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்சம் ரூபாய். போலிப் பத்திரத்தால் ஏமாந்த 1,358 குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம் ரூபாய். ஒரு பக்கம் 5.58 லட்சம், இன்னொரு பக்கம் அதே 2 ஹெக்டேருக்கு 60 லட்சம். முதலில் கொடுத்த பணம் நிலத்தின் மதிப்புக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லும். 2019 செப்டம்பரில் அணை முதன்முறையாக முழு மட்டத்துக்கு நிரம்பியபோது நிசர்பூர், சிக்கல்தா போன்ற நிமாட் ஊர்கள் நீருக்குள் போயின. அடிக்கல் நாட்டி 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஊர் சிதறியபோது

பணத்தில் காணாத இழப்பு வேறு ஒன்று உண்டு. குஜராத்தில் மூழ்கியவை 19 கிராமங்கள். ஆனால், மறுகுடியமர்வு செய்த இடங்கள் நூற்றுக்கும் மேல். நிலம் எங்கெங்கே விலைக்குக் கிடைத்ததோ அங்கங்கே குடும்பங்களை வைத்தார்கள். அண்ணன் ஒரு தாலுகா, தம்பி ஒரு தாலுகா. பெண்ணெடுத்த ஊர் ஒரு நாள் பயண தூரத்துக்குப் போய்விட்டது.

ஒரு சிறு விவசாயக் குடும்பத்துக்கு ஊர் என்பது என்ன? இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்று கூலியில்லாமல் மாறி மாறிச் செய்யும் வேலை. விதை பொய்த்தால் கைமாற்றாக வாங்கும் ஒரு மரக்கால் விதை. ராத்திரி பிரசவ வலி என்றால் ஓடிவரும் பக்கத்து வீடு. நாட்டாமை பேசித் தீர்க்கும் வரப்புத் தகராறு. அவசரத்துக்கு வட்டியில்லாமல் கைகொடுக்கும் பங்காளி. இவை எதற்கும் ரசீது கிடையாது. ரசீது இல்லாததை இழப்பீட்டு அதிகாரி எழுத மாட்டார். புது இடத்தில் ஒவ்வொன்றையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

மலை ஊர்களில் அடுப்புக்கு விறகு, மாட்டுக்குப் புல், விற்பதற்குப் பீடி இலை, இலுப்பைப் பூ, குழம்புக்கு மீன் எல்லாம் காட்டிலும் ஆற்றிலும் கிடைத்தன. சமவெளிக்கு வந்ததும் அங்கே இருந்தது 5 ஏக்கர் வயல் மட்டும். மேய்ச்சல் நிலம் இல்லாமல் பல குடும்பங்கள் மாட்டை விற்றன. மாடு போனதும் எருவும் பாலும் போயின. உரத்துக்குக் கடன் வந்தது. விறகு பொறுக்கப் பக்கத்து ஊர் நிலத்துக்குப் போன பெண்களுக்கு ஏச்சு கிடைத்தது. பக்கத்து ஊர்க்காரர்களைக் குறைசொல்லியும் பயனில்லை. அவர்களுடைய மேய்ச்சல் நிலத்திலும்தான் பங்கு கேட்டு ஆள் வந்திருக்கிறது.

வசதி கூடிய குடும்பங்களும் உண்டு. பாசன நிலம், மின்சாரம், பள்ளி, சாலை எல்லாம் மலையைவிடப் புது ஊரில் கிட்ட இருக்கின்றன. ஆனால், அப்படி வசதி கூடியவர்களிடம் கேட்ட கள ஆய்விலும், பழைய இடம் கிடைத்தால் திரும்பிவிடுவோம் என்று சொன்னவர்கள் பலர்.

எட்டு இழப்புகள்

நர்மதையில் நடந்தது புதிதல்ல. உலக நாடுகள் பலவற்றின் அணைகளையும் சுரங்கங்களையும் ஆராய்ந்த சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா, இடம்பெயரும் குடும்பத்துக்கு வரும் ஆபத்துகளை எட்டாகப் பட்டியல் போட்டார்: நிலம் போவது, வேலை போவது, வீடு போவது, சமூகத்தில் அந்தஸ்து குறைவது, உணவுக்குத் தட்டுப்பாடு, நோயும் சாவும் கூடுவது, பொதுச் சொத்துகள் போவது, ஊர்க்கட்டு குலைவது. இழப்பீட்டுக் காசோலை நேராகத் தொடுவது முதல் மூன்றை மட்டும்தான்.

ஆப்பிரிக்காவின் ஜாம்பேசி ஆற்றில் 1950-களின் கடைசியில் கட்டிய கரிபா அணைக்காகச் சுமார் 57,000 டோங்கா இன விவசாயிகள் இடம்பெயர்ந்தார்கள். எலிசபெத் கோல்சன், தேயர் ஸ்கட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1956 முதல் பல பத்தாண்டுகள் அந்தக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் கண்டது இது: இடம்பெயர்ந்த முதல் சில ஆண்டுகளில் விவசாயி புதுப் பயிர், புது முறை எதையும் முயன்று பார்க்கத் துணிவதில்லை. தெரிந்த சொந்தத்தையும் தெரிந்த பழக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொள்கிறார். மண்ணும் மழையும் புரிந்து, காலூன்றிய பிறகுதான் துணிச்சல் வருகிறது. அந்த ஆண்டுகளில்தான் உதவி அதிகம் தேவை. ஆனால், 'நிலம் கொடுத்தாயிற்று' என்று திட்ட அலுவலகம் கோப்பை மூடுவதும் அப்போதுதான்.

2013 சட்டம் என்ன சொல்கிறது?

இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகு, 1894-ம் ஆண்டின் வெள்ளைக்காரர் காலச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய நில எடுப்புச் சட்டத்தை 2013-ல் கொண்டுவந்தார்கள். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முக்கியமான மாற்றங்கள்:

• நிலத்தில் 3 ஆண்டுகளாக வேலை செய்து, அதையே முக்கியப் பிழைப்பாகக் கொண்ட விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், வாரதாரர்கள், கைவினைஞர்களும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'.

• வயதுவந்த மகன், மகள் இருவருமே தனிக் குடும்பம். கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்களும் அப்படியே.

• கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையிலான எண்ணால் பெருக்குவார்கள். அதோடு மரம், கிணறு, கட்டடத்தின் மதிப்பைக் கூட்டி, வரும் தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை தருவார்கள்.

• மறுகுடியமர்வு ஊரில் சாலை, குடிநீர், பள்ளி, ரேஷன் கடை, சுடுகாடு ஆகியவற்றோடு கால்நடைக்குத் தண்ணீர், மேய்ச்சல் நிலம் ஆகியவையும் தரவேண்டும்.

• அணைத் திட்டமானால், தண்ணீர் தேக்குவதற்கு 6 மாதம் முன்பே மறுவாழ்வுப் பணி முடிந்திருக்க வேண்டும்.

நர்மதையில் கணக்கில் விட்டுப்போன பலரை இந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. ஆனால், சட்டத்தில் இருப்பது தானாக வீடு தேடி வராது. கணக்கெடுப்பு நடக்கும் நாளில் ஊர் தயாராக இருக்க வேண்டும்.

நில எடுப்பு: விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: தமிழ்நாட்டில் 2013 சட்டம் பொருந்தாது என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. நெடுஞ்சாலை, தொழில் நோக்கம், ஆதிதிராவிடர் நலம் ஆகியவற்றுக்கான மூன்று மாநிலச் சட்டங்களின் கீழ் எடுத்தால், சமூகத் தாக்க மதிப்பீடு போன்ற நடைமுறைகள் பொருந்தாது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் இந்த ஏற்பாட்டை உறுதிசெய்தது. இழப்பீடு, மறுவாழ்வு தொடர்பான பலன்களை மட்டும் 2013 சட்டத்தின்படி கேட்கலாம். எனவே, நோட்டீஸ் வந்ததும் எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஆட்சேபணைக்கான நாட்கள் சட்டத்துக்குச் சட்டம் மாறும். 2013 சட்டத்தில் 60 நாட்கள்.

கேள்வி: வாய்ப்பேச்சில்தான் குத்தகை. எனக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: நீங்கள் பயிர் செய்வதற்கு ஆதாரம் வேண்டும். 1969-ம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாசில்தாரிடம் பதிவு செய்யலாம். அடங்கலில் பயிர் செய்பவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ-விடம் பாருங்கள். கூட்டுறவுப் பயிர்க்கடன், உர ரசீது, நெல் கொள்முதல் சீட்டு எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

கேள்வி: பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவது வழக்கம். இதனால் பாதிப்பு உண்டா?

பதில்: உண்டு. வழிகாட்டி மதிப்பையும், சுற்றுவட்டாரத்தில் கடந்த 3 ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் அதிக விலையுள்ள பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, கூடுதலாக இருப்பதைத்தான் சந்தை மதிப்பாக எடுப்பார்கள். முத்திரைத்தாள் செலவை மிச்சம்பிடிக்க விலையைக் குறைத்து எழுதினால், நாளைக்கு ஊருக்கே இழப்பீடு குறையும்.

கேள்வி: தொகை குறைவு. வாங்காமல் இருந்தால்தான் கூடுதல் கேட்க முடியுமா?

பதில்: வாங்கலாம். ஆனால், 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அப்படி எழுதாமல் வாங்கினால், 2013 சட்டப்படி கூடுதல் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடும். தீர்வாணை வழங்கும்போது நீங்கள் நேரில் இருந்தால் 6 வாரத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். நாள் தவறக் கூடாது. இந்தக் கட்டத்தில் ஒரு வழக்கறிஞர் அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவியைப் பெறுவது நல்லது.

கேள்வி: கணக்கெடுப்புக்கு முன் ஊராக என்ன செய்யலாம்?

பதில்: ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் யார் யார், வயது என்ன. வெளியூர் வேலைக்குப் போயிருப்பவர்கள் யார். கிணறு, போர், நிலத்தடிக் குழாய், மரங்களின் எண்ணிக்கையும் வயதும். ஆடு மாடு எத்தனை. மேய்ச்சல் புறம்போக்கு, ஏரி, களம், குலதெய்வக் கோயில், சுடுகாடு. நிலமில்லாமல் ஊரை நம்பிப் பிழைக்கும் சலவைத் தொழிலாளி, முடிதிருத்துபவர், கொல்லர், ஆடு மேய்ப்பவர் குடும்பங்கள். செல்போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். இதையே கிராம சபைத் தீர்மானமாகப் போட்டு, நகல் வாங்குங்கள். போக வேண்டிய நிலை வந்தால், ஊர் மொத்தமும் ஒரே இடத்தில் குடியமர வேண்டும் என்பதையும் அந்தத் தீர்மானத்தில் எழுதுங்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பேரம் பேசிப் போன பிறகு இதைக் கேட்க ஆள் இருக்காது.